பால் வெட்டினால் மட்டும் சம்பளம் வராது: பெண்கள் உரிமை வாக்குறுதிகள் எங்கே நின்றுபோகின்றன?

2022 அக்டோபர் முதல் வாரம் என் சித்தி மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை. மகப்பேறு விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது என்று அந்த ஆண்டு மார்ச் மாதமே செய்தி வந்துவிட்டது. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்தே வைத்திருந்தாள். ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் 60 நாள் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டும்.

“பாஸாயிடுச்சின்னு டி.வி.யில சொன்னாங்களேக்கா. எனக்கு மட்டும் ஏன் அறுபது நாளு?” என்று என்னிடம் கேட்டாள்.

முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சித்தி பக்கத்தில் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். பொதுத்தேர்தல் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. “ஓட்டுக்கு முந்தி ஒரு பேச்சு, பிந்தி ஒரு பேச்சு. இது என்ன புதுசா?” என்றார்.

எங்கள் ஊரில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். எல்லாக் கட்சிக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு: பொய். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் தங்கச்சிக்கு அன்று நடந்தது பொய் அல்ல. 98 நாள் சட்டம் உண்மையாகவே நிறைவேறியிருந்தது. அவள் வீட்டு வாசலுக்கு வருமுன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிட்டது. அது எந்த இடம் என்று தேடியபோது நான் கற்றுக்கொண்டதை, சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

வெட்டு, மங்கு, எடை

பால் வெட்டியவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரத்தில் கோடு போட்டு வெட்டுகிறோம். பால் வடிந்து மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டுகிறது. சில மணி நேரம் கழித்து ஒவ்வொரு மரமாகப் போய் மங்கில் இருப்பதை வாளியில் ஊற்றி, சுமந்து, ஸ்டோருக்குக் கொண்டுபோகிறோம். அங்கே எடை போட்டு, தோட்ட எழுத்தரான கிராணி புத்தகத்தில் எழுதுகிறார். எழுதிய எடைக்குத்தான் காசு. நடுவில் மழை வந்து மங்கு நிரம்பினால் அத்தனை வெட்டும் வீண். ‘நான் வெட்டினேனே’ என்று கிராணியிடம் சொல்லிப் பயனில்லை.

தேர்தல் வாக்குறுதி என்பது வெட்டு மட்டுமே. கட்சிகள் தேர்தலுக்கு முன் வெளியிடும் வாக்குறுதிப் புத்தகத்துக்குத் தேர்தல் அறிக்கை என்று பெயர். அதை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்ற சட்டக் கட்டாயம் நம் நாட்டில் கிடையாது. 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி அறிக்கையில் 60 வாக்குறுதிகள் இருந்தன. மகப்பேறு விடுமுறை 90 நாள், கொள்கை வகுக்கும் இடங்களில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள், வீட்டரசிகளுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சேமிப்பு என்பவையும் அவற்றில் அடக்கம். அறிவித்த நாளில் அவை 60 வெட்டுகள். பால் வந்ததா, மழை அடித்ததா என்பதை ஒவ்வொன்றாகத்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

மேசை மேல் தங்கும் காலம்

தேர்தலில் ஜெயித்த பிறகு ஒரு வாக்குறுதி முதலில் அமைச்சரவைக்குப் போகிறது. அங்கே ஒப்புதல் கிடைத்தால், சம்பந்தப்பட்ட அமைச்சும் சட்டத்துறைத் தலைவர் அலுவலகமும் சேர்ந்து அதைச் சட்ட மொழியில் எழுதுகின்றன. அப்படி எழுதி நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் வரைவுதான் மசோதா. மசோதா என்பது இன்னும் சட்டமாகாத சட்டம்.

வாக்குறுதிகள் அதிகக் காலம் தங்குவது இந்த மேசையில்தான். இங்கே காலக்கெடு இல்லை. வெளியாட்கள் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. ‘ஆய்வு செய்கிறோம்’, ‘கருத்துக் கேட்கிறோம்’ என்ற பதில்கள் பொய்யல்ல, ஆனால் ஐந்து வருஷம் வரை நீளும்.

அதற்குள் அரசாங்கமே மாறிவிடலாம். 2018 மே மாதம் வந்த ஆட்சி 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தது. மகாதீருக்குப் பிறகு முகைதீன், அவருக்குப் பிறகு இஸ்மாயில் சப்ரி, 2022 நவம்பரில் அன்வார் என்று நாலரை ஆண்டுக்குள் நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். ஆள் மாறும்போதெல்லாம் மேசை மேல் இருந்த கோப்புகள் மறுபடி அடுக்கப்பட்டன. மகப்பேறு விடுமுறையைக் கூட்டுவோம் என்று 2018இல் சொன்னது ஒரு கூட்டணி. அதற்கான மசோதாவை 2021 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் வைத்தது வேறோர் அரசாங்கம். அப்போது மனிதவள அமைச்சர் எம். சரவணன். அது நடப்புக்கு வந்த நாளில் இருந்தது இன்னோர் அரசாங்கம். இதில் யாருக்கு ஓட்டுப் போட்டதற்குப் பலன் கிடைத்தது என்று கேட்டால் நேரான பதில் இல்லை. மக்கள் சலித்துப்போவதற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். சொன்னவர் வேறு, செய்தவர் வேறு என்றால் வாக்காளர் யாரை மெச்சுவது, யாரைக் கேள்வி கேட்பது?

மூன்று வாசிப்பு

மசோதா மக்களவைக்கு வந்ததும் மூன்று கட்டங்களைத் தாண்டவேண்டும். இவற்றுக்கு வாசிப்பு என்று பெயர். முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படித்துத் தாக்கல் செய்வார்கள். இரண்டாவதில் விவாதம். பிறகு ஒவ்வொரு பிரிவாகப் பார்ப்பார்கள். மூன்றாவதில் கடைசி வாக்கெடுப்பு. ‘மசோதா தாக்கல்’ என்று செய்தியில் வந்தால் அது முதல் படிதான். பல பேர் அதைக் கேட்டதுமே சட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மக்களவைக்குப் பிறகு மேலவை, அப்புறம் மாமன்னரின் இசைவு. இசைவுக்கு அரசியலமைப்பு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு தாண்டினாலும் மசோதா சட்டமாகிவிடும். ஆக இந்தப் பகுதி ஒப்பளவில் வேகமானது. ஒரே ஆபத்து, நாடாளுமன்றம் கலைக்கப்படுவது. கலைக்கும் நாளில் நிறைவேறாமல் இருக்கும் மசோதா காலாவதியாகிவிடும். மங்கில் பால் இருக்கும்போது பெய்யும் மழை இதுதான்.

பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் அந்த மழையில் சிக்காமல் மயிரிழையில் தப்பியது. பெண்கள் அமைப்புகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்த சட்டம் அது. 2021 டிசம்பரில் தாக்கல். 2022 ஜூலை 20 அன்று மக்களவை ஏற்றது, ஆகஸ்டில் மேலவை ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. இன்னும் மூன்று மாதம் இழுத்திருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கவேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அறிக்கையில் இருப்பது வாக்குறுதி, எழுதி வைத்தால் மசோதா, இரு அவைகளும் மாமன்னரும் ஒப்பினால் சட்டம். அடுத்த கட்டத்துக்குப் போகுமுன், மசோதாவுக்குள்ளேயே நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

ஒரு பிரிவை உருவிவிட்டால்

மசோதா வந்துவிட்டது, நிறைவேறியும் விட்டது. ஆனால் எந்தப் பிரிவுக்காக நாம் காத்திருந்தோமோ அது மட்டும் உள்ளே இல்லை என்றால்?

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் ஈப்போ. அங்கே பாலர்பள்ளி ஆசிரியையாக இருந்த எம். இந்திரா காந்தியின் வழக்கைத் தெரியாத தமிழ்க் குடும்பம் மலேசியாவில் குறைவு. 2009இல் அவருடைய முன்னாள் கணவர் இஸ்லாத்தைத் தழுவியபின், மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையாக இருந்த கடைசி மகளைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். இப்படி ஒருவர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளைகளை மதம் மாற்றக்கூடாது என்று சட்டத்தில் எழுதவேண்டும் எனப் பல ஆண்டுகள் கோரிக்கை இருந்தது. 2016 நவம்பரில் திருமண, மணவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்தபோது 88ஏ என்ற பிரிவில் அது இருந்தது. 2017 ஆகஸ்டில் அந்த மசோதாவை மீட்டுக்கொண்டு, 88ஏ இல்லாத வேறொரு மசோதாவை வைத்து நிறைவேற்றினார்கள்.

‘திருத்தம் நிறைவேறியது’ என்றுதான் செய்தியில் வந்தது. அது உண்மை. அந்தத் திருத்தத்தில் பெண்களுக்கு நன்மை தரும் வேறு சில பிரிவுகளும் இருந்தன. ஆனாலும் பெயரை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டவர்களுக்கு, எதை இழந்தோம் என்றே தெரியாது. அடுத்த ஆண்டு, 2018 ஜனவரி 29 அன்று, பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மேடையில் பேசிய ஒன்றை, கடைசியில் ஒரு தாய் ஒன்பது ஆண்டு நீதிமன்றப் படியேறி வாங்கித் தந்தார். அதன் பிறகும் அவர் மகளைத் தேடி அலைந்தார். இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

யாரும் படிக்காத அந்த ஒரு வரி

இப்போது என் தங்கச்சியின் கேள்விக்கு வருவோம்.

ஒரு சட்டம் இசைவு பெற்றதும் அரசிதழில் வெளியிடுவார்கள். அரசிதழ் என்பது அரசாங்கத்தின் அதிகாரப்பூர்வ வெளியீடு. அதில் வந்தால்தான் சட்டம் ஊருக்கு அறிவிக்கப்பட்டதாகப் பொருள். அத்தோடு முடிந்தது என்று நினைப்போம். பெரும்பாலான சட்டங்களின் முதல் பிரிவிலேயே ஒரு வரி இருக்கும்: அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளில் இச்சட்டம் நடப்புக்கு வரும். அந்த நாளை அமலாக்க நாள் என்று சொல்வோம்.

தெருவில் குழாய் பதித்து, வீட்டுக்கு மீட்டரும் மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முனையில் இருக்கும் வால்வைத் திறக்கவில்லை. குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. வால்வு சாவி அமைச்சரிடம் இருக்கிறது. சட்டம் நிறைவேறிய நாளும் அமலாக்க நாளும் வேறு வேறு என்பது இதுதான்.

98 நாள் விடுமுறை 2022 மார்ச் 21 அன்று மக்களவையில் நிறைவேறியது. மே 10 அன்று அரசிதழில் வந்தது. செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வரும் என்றார்கள். ஆகஸ்டு கடைசியில் அதைத் தள்ளிவைத்தார்கள். முதலாளிகள் தரப்பு கால அவகாசம் கேட்டிருந்தது. புதிய நாள் 2023 ஜனவரி 1. அக்டோபரில் பிள்ளை பெற்றவளின் 60 நாள் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. நான்கு மாதத் தள்ளிவைப்பு அவளுக்கு 38 நாள் இழப்பு. பிள்ளைக்குப் பால் கொடுக்கவேண்டிய 38 நாள்.

நான்கு மாதம் கொஞ்சம்தான் என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு, நம் நாட்டில் இதைவிட நீண்ட காத்திருப்புகள் இருந்திருக்கின்றன. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. நடப்புக்கு வந்தது 1996 ஜூன் 1. அது முஸ்லிம்களுக்கும் பொருந்துமா என்ற வாதம் அந்த இரண்டு ஆண்டுகளைத் தின்றது. அதற்கும் முன்னால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் நிறைவேறி 1982 மார்ச் 1 அன்றுதான் நடப்புக்கு வந்தது. ஆறு ஆண்டுகள். தோட்டத்துப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். அதற்கு முன் கோவிலில் தாலி கட்டியதற்குக் காகிதம் இல்லாமலே பல குடும்பங்கள் வாழ்ந்தன. கணவன் இன்னொருத்தியைக் கட்டினால் முதல் மனைவி எதைக் காட்டி உரிமை கேட்பது? ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் பதிவு கட்டாயம் என்பதையும் கொண்டுவந்தது அந்தச் சட்டம். அந்த ஆறு ஆண்டில் கைவிடப்பட்டவர்களுக்கு, சட்டம் நிறைவேறியிருந்தும் பாதுகாப்பு இல்லை.

பகுதி பகுதியாகவும் வால்வைத் திறக்கலாம். பாலியல் தொல்லைச் சட்டத்தின் சில பிரிவுகள் 2023 மார்ச் 28 அன்று நடப்புக்கு வந்தன. ஆனால் அதன் உயிர்நாடியான தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது 2024 மார்ச் 8 அன்று. தீர்ப்பாயம் என்பது வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகாமலே புகாரை விசாரித்து, 2,50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை இழப்பீடு விதிக்கக்கூடிய ஓர் அமைப்பு. சட்டம் நிறைவேறி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆன பிறகே புகாரை எடுத்துப்போக ஓர் இடம் கிடைத்தது.

சுருக்கமாக: ‘நிறைவேறியது’ என்ற செய்தியோடு நின்றுவிடாதீர்கள். ‘எந்தத் தேதியிலிருந்து?’ என்று கேளுங்கள். தேதி இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை.

முடிவு வேறு, சட்டம் வேறு

சில வாக்குறுதிகள் நாடாளுமன்றத்துக்குப் போகாமலே, அரசாங்கம் அல்லது ஒரு வாரியம் எடுக்கும் முடிவாக வரும். வேகமாக வரும், அதே வேகத்தில் போகவும் செய்யும்.

தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. முதுகில் பீப்பாயைச் சுமந்து களைக்கொல்லி அடித்த என் பெரியம்மாவின் நகங்கள் கறுத்து உதிர்ந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் அடித்த மருந்துகளில் மிகக் கொடியது பாராகுவாட். தோட்டப் பெண்களின் உடல் நிலையைப் பதிவு செய்து தெனாகனித்தா போன்ற அமைப்புகள் போராடிய பின், 2002இல் அரசாங்கம் அதற்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. மறுபடி தடை முழுமையாக வந்தது 2020 ஜனவரி 1 அன்று. நாடாளுமன்றச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றத்துக்கே திரும்பிப் போகவேண்டும், விவாதம் நடக்கும், பத்திரிகையில் வரும். வாரிய முடிவை மாற்ற அத்தனை பாடு தேவையில்லை. தடை என்று கேட்டு நிம்மதியாக இருந்த பெண்கள் நடுவில் பல ஆண்டுகள் அதே மருந்தை மறுபடி சுமந்தார்கள்.

பெண்கள் விஷயம் மட்டும் ஏன் இப்படித் தங்குகிறது

எல்லா வாக்குறுதியும் இதே வழியில்தான் போகவேண்டும். ஆனால் சாலையும் பாலமும் போகிற வேகத்தில் இவை போவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. இவற்றில் முதலாவதுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது.

அந்த அவையில் பெண்கள் குறைவு. 2018 தேர்தலில் 222 இடங்களில் 32 பெண்கள் ஜெயித்தார்கள். 2022இல் அது 30 ஆகக் குறைந்தது. 30 விழுக்காடு என்றால் 67 பேர் இருக்கவேண்டும். 2018இல் அமைந்த அமைச்சரவையில் 5 பெண் அமைச்சர்கள், 2022 டிசம்பரில் அமைந்ததிலும் 5 பேர். இதை நான் எங்கள் தோட்டத்துக் கோவில் கமிட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். திருவிழாவுக்குப் பூ கட்டுவது, பானை தூக்குவது, ஐநூறு பேருக்குச் சோறு வடிப்பது பெண்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆண்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டவேண்டும் என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பணம் ஒதுக்கும்போது பந்தலும் மேளமும் முன்னால் வந்துவிடும். கழிப்பறையை யாரும் எதிர்க்கவில்லை. அதைத் தன் காரியமாக எடுத்து நடத்த மேசையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். நாடாளுமன்றத்திலும் பெண்கள் உரிமையை வெளிப்படையாக எதிர்ப்பவர்கள் குறைவு, தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம்.

நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதிக்கு ஒருவர்தான் ஜெயிப்பார். யாரை நிறுத்துவது என்பது கட்சித் தலைமையின் கையில். இத்தனை பெண்களை நிறுத்தியாகவேண்டும் என்ற சட்டமும் இல்லை. அதனால் 30 விழுக்காடு என்ற வாக்குறுதி, கட்சிகள் ஜெயிக்கக்கூடிய தொகுதிகளைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்தால்தான் நிறைவேறும். அதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, எதிர்த்தரப்புக்கு அமைப்பு இருக்கிறது. விடுமுறைச் சம்பளத்தைக் கொடுப்பது முதலாளி. அவர்களுக்குச் சங்கம், வழக்கறிஞர், அமைச்சரைப் பார்க்க நேரம் எல்லாம் உண்டு. நாற்றுப் பண்ணையில் பாலிதீன் பையில் மண் நிரப்புகிறவளுக்கு என்ன உண்டு? யாருக்கும் பெரிய செலவு இல்லாத விஷயம் வேகமாக வந்திருப்பதையும் பாருங்கள்: வீட்டரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறி, அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று நடப்புக்கும் வந்துவிட்டது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா. மனம் இருந்தால் சில மாதத்தில் முடியும் என்பதற்கு அது சாட்சி.

மூன்றாவது, அதிகாரம் பிரிந்து கிடக்கிறது. தொழிலாளர் சட்டம் கூட்டரசின் கையில், முஸ்லிம் குடும்பச் சட்டம் மாநிலங்களின் கையில். குழந்தைத் திருமணத்தைத் தடுப்போம் என்று 2018இல் பேசியபோது, வயதை 18 ஆக்கும்படி பிரதமர் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். சிலாங்கூர் திருத்திக்கொண்டது, 7 மாநிலங்கள் ஒப்பவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் சட்டத்திலும் 16 வயது ஆன பெண்ணுக்கு மாநில முதல்வரான மந்திரி பெசாரின் அனுமதியோடு திருமணம் செய்துவைக்க வழி இருக்கிறது. ஆக வாக்குறுதி தருகிறவரிடம் முதலில் கேட்கவேண்டியது, அது அவர் அதிகாரத்தில் இருக்கிறதா என்பதே.

அரசியலமைப்பில் எழுதியும்

‘சட்டம் எதற்கு, அரசியலமைப்பிலேயே சமம் என்று எழுதியிருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். எழுதியிருக்கிறது. 2001இல் 8ஆம் ஷரத்தில் பாலினம் என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பாலினத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது. ஆனால் கர்ப்பமானதால் வேலையை இழந்த ஒரு விமானப் பணிப்பெண் இதைக் காட்டி நியாயம் கேட்டபோது, 2005இல் கூட்டரசு நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: இந்த ஷரத்து அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல. கோவில் விதி கோவிலுக்குள் செல்லும், பக்கத்து வீட்டுக்காரரின் வாசலுக்குள் செல்லாது என்பது மாதிரி. தனியார் தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்கு அரசியலமைப்பின் சொல் மட்டும் போதாது, தனிச் சட்டம் வேண்டும். அதனால்தான் பாலினச் சமத்துவச் சட்டம் வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்கின்றன.

அரசியலமைப்பையே மாற்றவேண்டுமென்றால் தடை இன்னும் உயரம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், அதாவது 222இல் 148 பேர் ஆதரிக்கவேண்டும். மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு, தந்தைக்கு இருப்பதைப் போலவே குடியுரிமை வழங்கும் உரிமை தர, 2024 அக்டோபரில் மக்களவையில் 206 பேர் கைதூக்கினார்கள். சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பெண்கள் எங்கள் உறவிலேயே உண்டு; இந்தச் செய்தி கேட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் திருத்தம் அதற்கு முன் பிறந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அழுததில் பாதி சந்தோஷம், பாதி அதுதான்.

தோட்டத்து வாசல் வரை

நடப்புக்கு வந்த சட்டம் கடைசி ஒரு மைல் நடந்து தோட்டத்துக்கு வரவேண்டும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை அமைக்க வகை செய்கிறது. எங்கள் அம்மாக்கள் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு (விடியற்கால ஆள் கணக்கெடுப்புக்கு) போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகி, குடும்பங்கள் நகரத்து மலிவு வீடுகளுக்கு வந்தபின் அந்த ஆயாக்கொட்டகை உரிமை தோட்டத்திலேயே தங்கிவிட்டது. சட்டத்தை யாரும் நீக்கவில்லை. அது எந்த முகவரிக்கு எழுதப்பட்டதோ அங்கே இப்போது நாம் இல்லை. காண்ட்ராக்டரிடம் நாள் கூலிக்குப் போகிற பெண்ணுக்கும் இதே கதி. விடுமுறைப் பணம் பெற, பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்கவேண்டும். காண்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கை யார் எழுதி வைப்பது?

ஆகவே யாராவது மேடையில் பெண்கள் உரிமை பேசினால், கைதட்டுமுன்னோ சலித்துக்கொள்ளுமுன்னோ கேளுங்கள்: இப்போது அது எங்கே இருக்கிறது? அமைச்சரவையிலா, மசோதாவாகவா, நிறைவேறிவிட்டதா? நாம் கேட்ட பிரிவு உள்ளே இருக்கிறதா? எந்தத் தேதியிலிருந்து? காண்ட்ராக்ட் வேலைக்காரிக்கும் சேருமா? ‘பொய்’ என்று சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே கைகூப்பிவிட்டுப் போய்விடுவார். ‘எந்த மாதம் தாக்கல்?’ என்றால் நின்று பதில் சொல்லியாகவேண்டும்.

என் தங்கச்சிக்கு 2025 தொடக்கத்தில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. இந்த முறை 98 நாள் முழுசாகக் கிடைத்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அலுவலக அறிவிப்புப் பலகையின் முன் நின்றிருக்கிறாள். பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை ஒவ்வொரு முதலாளியும் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்கவேண்டும் என்பது, அவளுக்கு 98 நாளைத் தந்த அதே திருத்தத்தில் வந்தது, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பலகையில் வேலை அட்டவணையும் பழைய தீபாவளி வாழ்த்தும்தான் இருந்தன. உள்ளே போய்க் கிராணியிடம் கேட்டாள். அவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. கைப்பேசியில் எடுத்துக் காட்டினாள். மறு வாரம் வியாழக்கிழமை எனக்குப் படம் அனுப்பினாள்: வாழ்த்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மலாயில் ஒரு தாள். அடியில் பேனாவால், கோணல் மாணலாக, தமிழிலும் இரண்டு வரி எழுதியிருந்தது. அந்த எழுத்து அவளுடையது.